காதல் என்று பெயர் வைத்த வேலை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் சிலர் முகம் சுளித்திருக்கலாம். புகழ் மங்கிப்போன ஒரு நட்சத்திரம், அவருக்குத் துணை தேடுவதாகச் சொல்லும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஒரே வீட்டில் தங்கவைக்கப்பட்ட இருபது பெண்கள். இதற்கெல்லாம் ஒரு சொற்பொழிவு வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். லட்சக்கணக்கானவர்கள் இரவு உணவோடு பார்க்கிற ஒன்றை அற்பம் என்று ஒதுக்குவது படித்தவர்களுக்கு எளிது. அதற்குள்ளே போய் வந்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் தெருவில் நடந்தால் முகம் அடையாளம் தெரிகிறது, வேலைக்கு விண்ணப்பித்தால் பழைய காட்சி முன்னால் வந்து நிற்கிறது.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நிகழ்ச்சிகளில் நடப்பது வேலை. எழுப்பிய நேரத்தில் எழுந்து, சொன்ன இடத்தில் நின்று, கேட்ட கேள்விக்கு அழுது, ஒரு நிறுவனம் விற்கப்போகும் சரக்கை உண்டாக்கித் தருகிற வேலை. அதற்குக் காதல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் விழுந்த உடனே கூலி, ஓய்வு, பாதுகாப்பு, முறையிடும் உரிமை என்று உழைப்பாளிக்கு உரியவை எல்லாம் கேட்கக் கூடாதவை ஆகிவிட்டன. இதுதான் என் குற்றச்சாட்டு. இதை ஒரு நிகழ்ச்சியின் கதையை வைத்து விளக்குகிறேன்.

அமெரிக்காவில் வி.எச்.1 என்ற இசை அலைவரிசையில் 2006 ஜனவரி 1 அன்று ‘ஃபிளேவர் ஆஃப் லவ்’ என்ற நிகழ்ச்சி தொடங்கியது. அதன் நாயகர் ஃபிளேவர் ஃபிளாவ். இயற்பெயர் வில்லியம் டிரேட்டன், பிறந்தது 1959. நம்மில் பலருக்கு அந்தப் பெயர் பழக்கமில்லாமல் இருக்கலாம். ஆனால் ராப் இசையின் வரலாற்றை எழுதுகிற எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. 1980களில் சக் டியும் அவரும் முன்னின்று நடத்திய பப்ளிக் எனிமி குழு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் கோபத்தை மேடையேற்றிய குழு. போலீசின் அடக்குமுறை, நிறவெறி, ஊடகங்களின் பொய், கறுப்பர் குடியிருப்புகளின் வறுமை எல்லாவற்றையும் பாட்டாக்கினார்கள். 1989இல் வந்த ஸ்பைக் லீயின் ‘டூ த ரைட் திங்’ படத்துக்காக அவர்கள் செய்த ‘ஃபைட் த பவர்’ இன்றைக்கும் போராட்ட ஊர்வலங்களில் ஒலிக்கிறது.

அந்தக் குழுவில் ஃபிளாவின் இடம் என்ன? சக் டி கனத்த குரலில் அரசியல் பேசுவார். ஃபிளாவ் பக்கத்தில் துள்ளிக்கொண்டு, எடுத்துக்கொடுத்து, எதிர்க்குரல் எழுப்பி, கேலி செய்து கூட்டத்தைச் சிரிக்கவைப்பார். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து நின்றால் எப்படிக் கூட்டம் நிமிர்ந்து உட்காருமோ அப்படி ஒரு வரவு அவருடையது. கழுத்தில் சுவர்க் கடிகாரம் அளவுக்கு ஒரு கடிகாரம் தொங்கும். அந்தச் சிரிப்புக்கு அருகில் கோபம் இருந்ததால் சிரிப்புக்குப் பொருள் இருந்தது. அந்தக் கோபத்துக்கு அருகில் சிரிப்பு இருந்ததால் கோபம் காதில் ஏறியது.

1990களில் அவர் வாழ்க்கை சரிந்தது. போதைப் பழக்கம், வழக்குகள், சிறை. அதில் தன்னோடு வாழ்ந்த பெண்ணைத் தாக்கிய வழக்கும் உண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஏனென்றால் இருபது பெண்களை ஒரு வீட்டில் அவரோடு தங்கவைத்த தயாரிப்பாளர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

2004இல், மறக்கப்பட்ட நட்சத்திரங்களை ஒரே வீட்டில் குடிவைத்து வேடிக்கை காட்டும் ‘தி சர்ரியல் லைஃப்’ நிகழ்ச்சியில் அவர் தோன்றினார். அங்கே அவருக்கும் நடிகை பிரிகிட் நீல்சனுக்கும் நெருக்கம் ஏற்பட்டது. ‘ராக்கி 4’ படத்தில் நடித்தவர், சில்வெஸ்டர் ஸ்டாலோனின் முன்னாள் மனைவி. அந்த நெருக்கத்தைத் தயாரிப்பாளர்கள் விடவில்லை. 2005 ஜனவரியில் ‘ஸ்ட்ரேஞ்ச் லவ்’ என்று அதையே தனித் தொடர் ஆக்கினார்கள். அந்த உறவு முடிந்தது, நீல்சன் தனக்கு ஏற்கெனவே நிச்சயமானவரிடம் திரும்பிப் போனார். உடனே அடுத்த தொடர் தயாரானது. காதலில் தோற்ற ஃபிளாவுக்கு நாடு முழுவதிலுமிருந்து பெண் தேடுகிறோம் என்றார்கள். அதுதான் ‘ஃபிளேவர் ஆஃப் லவ்’.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 2005 ஏப்ரலில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், நாட்டின் பண்பாட்டுச் சொத்தாகப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் பப்ளிக் எனிமியின் 1990ஆம் ஆண்டு ஆல்பமான ‘ஃபியர் ஆஃப் எ பிளாக் பிளானட்’டைச் சேர்த்தது. அதாவது, அவருடைய கலை காலத்துக்கும் காக்க வேண்டியது என்று நாட்டின் நூலகம் அறிவித்த அதே ஆண்டில், ஒரு இசை அலைவரிசை அவரிடமிருந்து கேட்டு வாங்கியது பாட்டை அல்ல, தனிமையை. எந்தக் கலைஞனுக்கும் இதைவிடப் பெரிய அவமதிப்பு எனக்குத் தெரியவில்லை. முதுமை நெருங்கும் கலைஞனிடம் கேட்க எத்தனையோ இருக்கிறது. குழுவின் வரலாறு இருக்கிறது, மேடையின் நுணுக்கம் இருக்கிறது, விழுந்து எழுந்த அனுபவம் இருக்கிறது. அத்தனையும் விட்டுவிட்டுப் படுக்கையறைக் கதவைத் தட்டினார்கள்.

அது தற்செயலாக நடந்ததும் அல்ல. மற்ற பழைய நட்சத்திரங்களின் கதையும் அந்த அலைவரிசையில் இதேதான். ‘பாய்சன்’ ராக் குழுவின் பாடகர் பிரெட் மைக்கேல்சுக்கு 2007இல் ‘ராக் ஆஃப் லவ்’. ‘ஹாப்பி டேஸ்’ தொடரால் புகழ்பெற்ற ஸ்காட் பயோவுக்கு அதே ஆண்டில், 45 வயதாகியும் ஏன் தனியாக இருக்கிறார் என்று பழைய காதலிகளைத் தேடிப்போய்க் கேட்கும் தொடர். இந்த வகைக்கு ஆகும் செலவு குறைவு. கதை எழுதும் எழுத்தாளர் சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நடிகர் சங்கம் நிர்ணயித்த ஊதியம் போட்டியாளர்களுக்கு இல்லை. அரங்கம் என்பது வாடகைக்கு எடுத்த ஒரு பங்களா. நட்சத்திரத்தின் பெயர் மக்களுக்கு ஏற்கெனவே தெரியும், விலையோ மலிந்துபோயிருக்கிறது. வணிகக் கணக்கு அவ்வளவுதான்.

அடுத்து, நிகழ்ச்சி எப்படி நடந்தது என்று பார்ப்போம். 2002இல் ஏ.பி.சி. அலைவரிசை தொடங்கிய ‘தி பேச்சலர்’ இதற்கு முன்மாதிரி. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணுக்கு ரோஜாப்பூ. இங்கே ஃபிளாவின் அடையாளமான கடிகாரம். முதல் நாளே அவர் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்தார். அதன் பிறகு அந்தப் பெண்ணைத் திரையில் எல்லாரும் அழைத்தது அந்தப் பெயரால்தான். வீட்டில் பெற்றோர் வைத்த பெயர் வாசலிலேயே கழற்றப்பட்டது. வெளியேற்றும் சடங்கில், கடிகாரம் கிடைக்காத பெண்ணிடம் உன் நேரம் முடிந்தது என்பார். மேடையில் காலத்தின் மதிப்பை உணர்த்த அணிந்த கடிகாரம், இங்கே பெண்களை வாசலுக்கு அனுப்பும் கருவியானது.

கேமரா ஓடாத நேரத்தைப் பற்றித்தான் ஊடகவியல் மாணவர்கள் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வகை நிகழ்ச்சிகளில் வழக்கமாக முதலில் கைப்பேசியை வாங்கிக்கொள்வார்கள். செய்தித்தாள், தொலைக்காட்சி கிடையாது. வீட்டாரோடு பேச அனுமதி வேண்டும். பொழுதுபோக என்ன செய்வது? மது தாராளமாகக் கிடைக்கும். படப்பிடிப்பு இரவு நெடுநேரம் போகும். தூக்கம் குறையும். வெளியுலகம் இல்லாத, தூக்கம் இல்லாத, வயிற்றில் மது இருக்கிற ஒரு மனிதரை நாற்காலியில் உட்காரவைத்து, அவளைப் பற்றி என்ன நினைக்கிறாய், அவர் உன்னைப் பார்க்கவே இல்லையே, உனக்கு வருத்தமில்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? வருத்தம் இல்லாவிட்டாலும் வரும். இருந்த வருத்தம் கோபமாகும்.

கேமராவைப் பார்த்துத் தனியாகப் பேசும் அந்தப் பேட்டிகளில் கேள்வி கேட்பவரின் குரல் நமக்குக் கேட்பதில்லை. கேள்வியையும் சேர்த்தே பதில் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஆகவே திரையில் அது அந்தப் பெண்ணே தன் மனத்தைத் திறந்து கொட்டியதுபோலத் தெரியும். அதன்பின் படத்தொகுப்பு. திங்கள்கிழமை சொன்ன வாக்கியத்தின் முன்பாதியும் வெள்ளிக்கிழமை சொன்ன வாக்கியத்தின் பின்பாதியும் ஒட்டப்படும். ஒட்டு தெரியாமல் இருக்க, அந்த நொடியில் வேறொருவர் முகத்தைக் காட்டுவார்கள். ‘பிராங்கன்பைட்’ என்று அந்தத் தொழிலில் இதற்குப் பெயரே உண்டு. சொல்லாத ஒன்றைச் சொன்னதாகக் காட்டினாலும் வழக்குப் போட முடியாதபடி ஒப்பந்தத்தில் முதலிலேயே கையெழுத்து வாங்கியிருப்பார்கள்.

முதல் பருவத்தில் வெளியேற்றப்பட்ட ஒரு பெண் போகும்போது இன்னொரு பெண்ணின் முகத்தில் எச்சில் துப்பினார். வேறு எந்தப் பணியிடத்தில் இது நடந்திருந்தாலும் விசாரணை இருந்திருக்கும். இங்கே அது பரபரப்பான காட்சியாகக் கொண்டாடப்பட்டது. எச்சில் பட்டவர் டிஃபனி போலார்ட், நிகழ்ச்சியில் ‘நியூயார்க்’ என்று அழைக்கப்பட்டவர். அவர் இரண்டு பருவங்களிலும் இரண்டாம் இடம் வந்து, இரண்டு முறை எல்லார் முன்பும் நிராகரிக்கப்பட்டார். அவருடைய கோபமும் அழுகையும் எவ்வளவு விலைபோகும் என்று கண்டுகொண்ட தயாரிப்பாளர்கள் 2007 ஜனவரியில் ‘ஐ லவ் நியூயார்க்’ என்று அவரை வைத்தே ஒரு தொடர் எடுத்தார்கள்.

2006 அக்டோபரில் ‘ஃபிளேவர் ஆஃப் லவ்’ இரண்டாம் பருவத்தின் இறுதிப் பகுதியை ஏறத்தாழ 75 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த அலைவரிசை அதுவரை கண்டிராத எண்ணிக்கை. அந்தப் பார்வைகளை உண்டாக்கியது யார்? ஃபிளாவ் மட்டுமா? கத்தியவர்கள், அழுதவர்கள், சண்டையிட்டவர்கள், சமைத்தவர்கள், இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் அந்தப் பெண்கள்.

அந்த நாட்களிலேயே கறுப்பினச் சிந்தனையாளர்கள் பலர் கடுமையாகக் கண்டித்தார்கள். வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கோமாளிகளாகக் காட்டிய 19ஆம் நூற்றாண்டு மேடைகளின் தொடர்ச்சி இது என்றார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பல வேளைகளில் அந்தக் கோபம் போய் விழுந்தது பங்கேற்ற பெண்கள் தலையில்தான். அவர்களுக்கு மானம் இல்லையா, வளர்ப்பு சரியில்லையா என்று கேட்டவர்கள் ஏராளம். கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களின் வளர்ப்பைப் பற்றிக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

காதல் என்ன ஆயிற்று? முதல் பருவத்தில் வென்ற பெண்ணோடு வாழ்க்கை அமையவில்லை, இரண்டாம் பருவம் வந்தது. இரண்டாம் பருவத்தில் வென்றவரோடும் அமையவில்லை, மூன்றாம் பருவம் வந்தது. 2008இல் மூன்றாம் பருவம் முடிந்து எல்லாரும் கூடிய நிகழ்ச்சியில், ஃபிளாவ் தன் மகன்களில் ஒருவரின் தாயிடம் திருமணத்துக்குச் சம்மதம் கேட்டார். அவர் எந்தப் பருவத்திலும் போட்டியிட்டவர் அல்லர். மூன்று பருவங்களின் முடிவு இது. தேடல் உண்மையாக இருந்திருந்தால் இதைத் தோல்வி என்று சொல்லியிருப்பார்கள். அலைவரிசைக்கு இது வெற்றி, ஏனென்றால் அது விற்றது தேடலைத்தான்.

இந்தச் சங்கிலி எங்கே போய் முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘ராக் ஆஃப் லவ்’ நிகழ்ச்சியில் பங்கேற்ற ஒரு பெண்ணை மையமாக வைத்து 2009 ஆகஸ்டில் ‘மேகன் வான்ட்ஸ் எ மில்லியனர்’ தொடங்கியது. மூன்று பகுதிகள் ஒளிபரப்பான நிலையில், அதில் போட்டியிட்ட ஒருவர் தன் மனைவியைக் கொன்றதாகப் போலீஸ் தேடத் தொடங்கியது. சில நாட்களில் கனடாவில் ஒரு விடுதியில் அவர் இறந்து கிடந்தார். நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அவர் ஏற்கெனவே கனடாவில் ஒரு தாக்குதல் வழக்கில் தண்டனை பெற்றவர். நிகழ்ச்சிக்காகச் செய்த பின்னணி விசாரணையில் அது வெளிப்படவில்லை. ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதாக ஊருக்கே அறிவித்தவர்கள், அந்த மாப்பிள்ளை யார் என்று ஒழுங்காக விசாரிக்கவில்லை. நம் கிராமத்தில் ஒரு தரகர் இப்படிச் செய்திருந்தால் அடுத்த வீட்டுப் படி ஏற விடமாட்டார்கள்.

இனி, நான் இதை வேலை என்று சொல்வதற்கு ஆதாரம் என்ன? ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பிரான்சில் ‘டெம்ப்டேஷன் ஐலண்ட்’ நிகழ்ச்சியின் பிரெஞ்சு வடிவத்தில் பங்கேற்றவர்கள், நாங்கள் தொழிலாளர்கள், எங்களுக்கு ஊதியம் வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். காதலர்களைப் பிரித்துவைத்துச் சோதிக்கும் நிகழ்ச்சி அது. தயாரிப்பு நிறுவனம் என்ன வாதிட்டது? அவர்கள் தங்கள் சொந்த வாழ்க்கையை வாழ்ந்தார்கள், நாங்கள் படம் எடுத்தோம், இதில் வேலை எங்கே இருக்கிறது என்றது. 2009 ஜூன் 3 அன்று பிரான்சின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நிறுவனம் விதித்த நடவடிக்கைகளிலும் கூட்டங்களிலும் அவர்கள் கலந்துகொண்டாக வேண்டும். நிறுவனம் தன்னிச்சையாக வகுத்த விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். சில காட்சிகளைத் திரும்பச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. எழும் நேரம், உறங்கும் நேரம் நிறுவனம் குறித்தபடி. இடத்தை விட்டுப் போகக் கூடாது, வெளியே யாரோடும் பேசக் கூடாது. இத்தனையும் இருந்தால் இது வேலைதான், இதற்கான ஒப்பந்தம் வேலை ஒப்பந்தம்தான் என்றது நீதிமன்றம். இதைச் சொன்னதனால் பிரெஞ்சுத் தொலைக்காட்சி அழிந்துவிடவில்லை.

அமெரிக்காவிலும் காற்று மெல்லத் திரும்புகிறது. முகம் பார்க்காமல் காதலிக்கவைக்கும் ‘லவ் இஸ் பிளைண்ட்’ நிகழ்ச்சியின் முன்னாள் போட்டியாளர் ஒருவர் 2022இல் வழக்குத் தொடுத்தார். வாரத்துக்கு 1,000 டாலர் ஊதியம், இடையில் விலகிப்போனால் 50,000 டாலர் அபராதம் என்று ஒப்பந்தம் இருந்ததாக அந்த வழக்கு கூறியது. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வாரச் சம்பளத்தைப் போல ஐம்பது மடங்கு அபராதம் சுமத்தி ஒருவரை நிறுத்திவைப்பதற்குக் காதல் என்று பெயர் வைக்க முடியுமா? 2024 டிசம்பரில் அந்நாட்டின் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அலுவலகம், அந்த நிகழ்ச்சியின் போட்டியாளர்கள் ஊழியர்களே என்று கொண்டு தயாரிப்பாளர்கள் மீது முறைப்படி குற்றச்சாட்டு பதிந்தது.

பிரிட்டனில் இதைவிட வேதனையான வழியில் விழிப்பு வந்தது. ‘லவ் ஐலண்ட்’ நிகழ்ச்சியில் பங்கேற்ற இருவர் 2018இலும் 2019இலும் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2019இல் வேறொரு நிகழ்ச்சியில் பங்கேற்றவரும் இறக்க, அந்த நிகழ்ச்சி நிரந்தரமாக நிறுத்தப்பட்டது, நாடாளுமன்றக் குழு விசாரணையில் இறங்கியது. ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் சொல்வது தவறு, நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் பங்கேற்பவரின் நலனில் உரிய அக்கறை காட்டுவது ஒளிபரப்பாளரின் கடமை என்று 2021 ஏப்ரல் முதல் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் விதி கொண்டுவந்தது. அதுவரை அந்தக் கடமை எழுத்தில் இல்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இந்த வகை நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. 2009இல் இந்தியில் ராக்கி சாவந்தின் சுயம்வரம், 2010இல் ராகுல் மகாஜனின் சுயம்வரம். முன்னது நிச்சயதார்த்தத்தோடு நின்றது, பின்னது திரையிலேயே திருமணமாகி, பிறகு மணமுறிவில் முடிந்தது. தமிழில் 2018இல் கலர்ஸ் தமிழ் அலைவரிசையில் ‘எங்க வீட்டு மாப்பிள்ளை’. நடிகர் ஆர்யா மறக்கப்பட்ட நட்சத்திரம் அல்லர், அப்போதும் இப்போதும் படங்களில் நடித்துவருபவர். ஆனால் அமைப்பு அதேதான். அவரை மணக்க 16 பெண்கள் போட்டியிட்டார்கள். குடும்பத்தாரும் திரையில் வந்தார்கள். ஏப்ரலில் நடந்த இறுதி நிகழ்ச்சியில், ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர்கள் மனம் நோகும் என்று சொல்லி அவர் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. 2019 மார்ச்சில் நடிகை சாயிஷாவைத் திருமணம் செய்துகொண்டார். யாரை மணப்பது என்பது அவருடைய சொந்த உரிமை, அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நான் கேட்பது அந்த 16 பெண்களைப் பற்றி. பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று போனாலே அக்கம்பக்கம் என்னவெல்லாம் பேசும் என்று தெரிந்த சமூகம் நம்முடையது. அந்த வேண்டாம் என்ற சொல்லை மாநிலம் முழுவதும் பார்க்க ஒளிபரப்பினோம். அதற்குப் பிறகு அந்தப் பெண் தன் தெருவில் எப்படி நடப்பாள் என்று யார் கணக்குப் பார்த்தார்கள்?

அதே படப்பிடிப்பில் லைட்மேனுக்குச் சங்கம் இருக்கிறது. நேரம் தாண்டினால் பேட்டா கேட்க உரிமை இருக்கிறது. வெளிச்சம் பிடித்தவர் தொழிலாளி, அந்த வெளிச்சத்தில் அழுதவர் மட்டும் தொழிலாளி இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

இந்த இடத்தில் எப்போதும் ஒரு கேள்வி எழும். அவர்கள் விரும்பித்தானே வந்தார்கள், படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டார்கள், புகழும் வாய்ப்பும் கிடைக்கும் என்றுதானே போனார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஒதுக்கித் தள்ள மாட்டேன். வாய்ப்புத் தேடி வருவது குற்றம் இல்லை. சிலருக்கு வாய்ப்பு கிடைத்ததும் உண்மை. ஆனால் விரும்பி வந்தார் என்பதற்காக உழைப்பாளியின் உரிமை அற்றுப்போவதில்லை. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர்கள் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்யச் சம்மதிக்கிறார் என்றால் வறுமையின் நெருக்கடி அவரைச் சம்மதிக்கவைக்கிறது, அதுவும் கட்டாய உழைப்புத்தான் என்றது. கல் சுமந்தவர்களுக்காகச் சொன்ன தீர்ப்பு அது. அதன் எழுத்து இந்த நிகழ்ச்சிகளுக்குப் பொருந்துமா என்பதை நீதிமன்றங்கள் சொல்லட்டும். அதன் அறம் பொருந்தும் என்பது என் முடிவு. நம்மிடம் 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் இருக்கிறது. திரையில் எது வரக் கூடாது என்று அதன் நெறிமுறை பட்டியலிடுகிறது. திரைக்குப் பின்னால் பங்கேற்பவருக்கு என்ன நடக்கக் கூடாது என்பதற்கும் ஒரு பட்டியல் வேண்டும்.

ஃபிளேவர் ஃபிளாவின் கதை அந்த நிகழ்ச்சியோடு முடியவில்லை. 2013இல் பப்ளிக் எனிமிக்கு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், பண நெருக்கடியில் இருந்த அமெரிக்கப் பெண்கள் நீர்ப்பந்து அணிக்கு அவர் புரவலரானார். அரங்கத்தில் உட்கார்ந்து அவர்களுக்காகத் தொண்டை கிழியக் குரல் கொடுத்தார். கூட்டத்தை எழுப்புவதுதான் அவர் கலை. அந்தக் கலைக்கு இடம் கொடுத்தபோது 65 வயதிலும் உலகம் அவரை மதிப்போடு பார்த்தது. நட்சத்திரம் மங்கிவிட்டது என்று நாம் சொல்கிறோமே, பெரும்பாலும் மங்குவது அவர்களுடைய திறமை அல்ல, அதைக் கேட்கும் நம் காது.

மாணவர்களே, உங்களில் பலர் நாளை இதே துறைக்குப் போவீர்கள். படத்தொகுப்பு மேசையில் உட்காருகிறவர்கள், ஒருவர் சொல்லாத வாக்கியத்தை ஒட்டிச் செய்யாதீர்கள். பேட்டி எடுக்கிறவர்கள், அழவைத்தே ஆக வேண்டும் என்று உங்களிடம் சொன்னால் மறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் ஆகிறவர்கள், எழுதிய ஊதியம், குறித்த வேலை நேரம், வீட்டாரோடு பேசும் உரிமை, நிகழ்ச்சி முடிந்த பின்னும் மனநல ஆலோசனை, இந்த நான்கும் இல்லாமல் யாரையும் அந்த வீட்டுக்குள் அழைக்காதீர்கள். போட்டியிட நினைக்கிற பெண்களே, ஆண்களே, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இடையில் விலகினால் என்ன ஆகும், என் பேச்சை மாற்றி ஒட்ட உங்களுக்கு உரிமை உண்டா, எத்தனை ஆண்டுகளுக்கு நான் வாய் திறக்கக் கூடாது என்று கேளுங்கள். பதில் தராதவர்களிடம் போகாதீர்கள்.

பார்வையாளர்களான நமக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. ஒரு பெண் உடைந்து அழும் காட்சியை வெட்டி நாலு பேருக்கு அனுப்புவதற்கு முன் விரலை நிறுத்துங்கள். அந்த ஒரு அனுப்புதலும் அவருடைய கூலியில்லாத வேலை நேரத்தை நீட்டிக்கிறது. அலைவரிசைகளுக்கு எழுதுங்கள். இந்த நிகழ்ச்சியில் பங்கேற்பவர்களுக்கு என்ன ஊதியம், என்ன பாதுகாப்பு என்று கேட்டு எழுதுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் வராது. பத்தாயிரம் பேர் கேட்டால் வரும். அந்தப் பத்தாயிரத்தில் இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.